கையெழுத்து வள்ளல்கள்

மைசூருக்குப் போகிறவர்கள் அரண்மனையைப் பார்க்கிறார்கள், சாமுண்டி மலை ஏறுகிறார்கள், மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். மானசகங்கோத்ரிப் பக்கம் போய், முக்தகங்கோத்ரி வளாகத்தின் முன்னால் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறவர்கள் குறைவு. இது பெரிய நன்றிகேடு. கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் அது. அங்கிருந்தும், அதன் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு பல மாநிலங்களில் இயங்கிய தனியார் நிலையங்களின் தலைவர் அறைகளிலிருந்தும் நடந்த கொடைக்கு ஈடாகச் சொல்ல நம் கடையெழு வள்ளல்களிடம்கூட ஒன்றும் கிடையாது. முல்லைக்குப் பாரி கொடுத்தது தன் தேரை. மயிலுக்குப் பேகன் கொடுத்தது தன் போர்வையை. சொந்தப் பொருளைக் கொடுப்பது பலருக்கும் கைவரும். ஊரார் வரிப்பணத்தில் எழுந்த ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை, முத்திரையை, கையெழுத்தை வந்தவர்க்கெல்லாம் வாரி வழங்க வேண்டுமென்றால் அதற்குத் தனி மனம் வேண்டும்.

பெயர் சொல்லிப் புகழத்தான் ஆசை. ஆனால் இது தனி ஒருவர் செய்து முடித்த காரியமல்ல. அந்த ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தில் முடிவெடுத்தவர்கள், அவர்களோடு ஒப்பந்தம் போட்ட தனியார் சேர்மன்கள், டைரக்டர்கள், தாளாளர்கள் என்று வரிசை நீளும். ஒருவரைச் சொல்லி இன்னொருவரை விட்டுவிட்டால் விட்டுப்போனவர் மனம் வருந்தும். ஆகவே எல்லாரையும் சேர்த்துத் 'தலைவர்' என்றே சொல்கிறேன்.

தலைவர் ஒரே நாளில் தலைவராகிவிடவில்லை. அவருடைய ஏற்றம் படிப்படியானது; நம் ஊர்களில் பலரும் கண்ணால் பார்த்தது. முதலில் பத்தாம் வகுப்பில் பெயிலான பிள்ளைகளுக்கு டுடோரியல் நடத்தினார். தொண்ணூறுகளில் டுடோரியல் கம்ப்யூட்டர் சென்டராக மாறியது. அதற்குக் கூட்டம் குறைந்தபோது மாடிப்படிக்கு மேலே இன்னொரு பலகை ஏறியது: 'அங்கீகரிக்கப்பட்ட ஸ்டடி சென்டர்'. பிறகு அம்மா பெயரில் ஓர் அறக்கட்டளை. பிறகு பெயருக்கு முன்னால் ஒரு டாக்டர். அந்தப் பட்டத்தைத் தந்த பல்கலைக்கழகம் எந்த நாட்டில் இருக்கிறது என்று விழா மேடையில் யாரும் கேட்பதில்லை. கடைசியில், இன்னொருவரின் பல்கலைக்கழகத்துக்கு ஏன் பங்கு கொடுக்க வேண்டும் என்ற கேள்வி தலைவருக்குள் எழுகிறது. அந்தக் கேள்விக்கு இந்தியாவிலேயே மிகத் தாராளமாகப் பதில் சொன்ன மாநிலம் சத்தீஸ்கர். 2002-இல் அங்கே ஒரு தனியார் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்தால் பல்கலைக்கழகம் பிறந்துவிடும். கட்டடம் வேண்டாம், நூலகம் வேண்டாம், ஆசிரியரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொஞ்ச காலத்துக்குள் 112 பல்கலைக்கழகங்கள் பிறந்தன. நாளந்தாவுக்கும் தட்சசீலத்துக்கும் கிடைக்காத வேகம். அறிவியலாளர் யஷ்பால் மட்டும் இந்த வளர்ச்சியைப் பொறுக்க மாட்டாமல் உச்ச நீதிமன்றம் போனார். 2005 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் உயிர்ப் பிரிவுகளைச் செல்லாதவை என்று தள்ளியது. ஒரு மாநிலம் படைத்த பல்கலைக்கழகம் அந்த மாநில எல்லைக்குள்தான் இயங்கலாம் என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே சொல்லப்பட்டது. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தலைவர் வைத்துக்கொள்ளவில்லை.

தலைவரின் பெருமை முழுதாகத் தெரிய வேண்டுமென்றால், அவர் வருவதற்கு முன்னால் மைசூரில் உயர்கல்வி எவ்வளவு கஞ்சத்தனமாக நடந்தது என்று பார்க்க வேண்டும். மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916 ஜூலை 27 அன்று தொடங்கியது. வேந்தர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார், முதல் துணைவேந்தர் எச்.வி. நஞ்சுண்டையா. ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட பகுதிகளுக்கு வெளியே எழுந்த முதல் பல்கலைக்கழகம் அது. நாடு முழுக்கக் கிளை பரப்ப என்ன ஒரு வாய்ப்பு! அரசர் கையில் செல்வமும் இருந்தது, முத்திரையும் இருந்தது. அவரோ ஆசிரியர்களைத் தேடுவதில் காலத்தைப் போக்கினார். 1918-இல் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனைத் தத்துவம் சொல்லிக்கொடுக்க அழைத்து வந்தார்கள். மூன்றே ஆண்டுகள். 1921-இல் அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, பூ அலங்கரித்த வண்டியைத் தாங்களே ரயிலடி வரைக்கும் இழுத்துப் போனார்களாம். ஓர் ஆசிரியர் போனதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம். தலைவரின் நிலையங்களில் இந்தத் தொல்லையே கிடையாது. அங்கே ஆசிரியர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

தேர்விலும் அந்த ஊர் அதே கடுமைதான். சென்னையில் பிறந்து வளர்ந்து, பிறகு மைசூருக்கு வந்த ஆர்.கே. நாராயணன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தவறினார்; ஒரு வருஷம் வீட்டில் இருந்தார். பிறகு மகாராஜா கல்லூரியில் சேர்ந்து மூன்று வருஷத்தில் வாங்க வேண்டிய பி.ஏ.வை நான்கு வருஷத்தில் வாங்கினார். அவருடைய அப்பா தலைமையாசிரியர். இருந்தும் ஒரு மதிப்பெண் கூட்டிப் போட யாரும் முன்வரவில்லை. அந்த வீண் வருஷத்தில் பையன் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்துகொண்டும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டும் கிடந்தான். ஒரே ஆண்டில் பட்டம் என்று சுவரொட்டி ஒட்டுகிற தலைவர் ஒருவர் அன்றைக்கு இருந்திருந்தால், நாராயணன் எங்கோ ஒரு அலுவலகத்தில் காலத்தோடு வேலைக்குச் சேர்ந்து, ஒரு நாவலும் எழுதாமல் ஓய்வு பெற்றிருப்பார்.

1956 முதல் 1960 வரை துணைவேந்தராக இருந்த குவெம்பு இன்னும் ஒரு படி மேலே போனார். அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து அதற்கே துணைவேந்தரான முதல் ஆள் அவர். கன்னடத்தின் பெருங்கவி. அவர் பதவியில் இருந்து உருவாக்கிவிட்டுப் போனது மானசகங்கோத்ரி என்ற ஒரே ஒரு வளாகம். ஒரே ஊரில். மரம், ஏரிக் காற்று, நூலகம், ஆய்வுக்கூடம். நான்கு ஆண்டில் ஒரு பிரான்சைஸ்கூடக் கொடுக்கவில்லை.

தபால் வழிக் கல்வி மைசூரில் எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நல்ல எண்ணத்தில் தொடங்கியது. 1969-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிப் படிப்புக்கென்று ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. பதினெட்டு வயதில் கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்கள், எல்லையில் இருந்த படைவீரர்கள், பகலில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எழுத்தர்கள், கிராமத்துப் பள்ளி ஆசிரியர்கள் என்று கல்லூரி வாசலுக்கு வர முடியாதவர்களுக்காக அந்த வாசல் திறந்தது. அதிலிருந்து வளர்ந்து, 1992-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1996 ஜூன் 1 முதல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தனியாக இயங்கத் தொடங்கியது. 'உயர்கல்வி எல்லோருக்கும், எல்லா இடத்திலும்' என்பது அதன் குறிக்கோள் வாசகம். வாசகம் எழுதியவர் மனத்தில் இருந்தது கர்நாடகத்தின் கடைசிக் கிராமமாக இருக்கும். தலைவர் அதையும் தாண்டி யோசித்தார். எல்லா இடமும் என்றால் எல்லா இடமும்தானே? மாநில எல்லை என்ன எல்லை? பல மாநிலங்களில், தான் நேரில் போய்ப் பார்க்கவேண்டிய அவசியம்கூட இல்லாத கட்டடங்களில், தனியார் கூட்டாளிகள் வழியாகப் பல்கலைக்கழகம் முளைத்தது. வரலாறும் அரசியலும் கன்னடமும் சொல்லிக்கொடுப்பதோடு நிற்காமல், பொறியியலும் துணை மருத்துவப் படிப்புகளும் அந்தக் கூட்டாளிகளிடம் கிடைத்தன. சோதனைச்சாலை இல்லாமல் பொறியாளரையும் நோயாளியின் பக்கமே போகாமல் மருத்துவத் தொழில்நுட்பரையும் உருவாக்கலாம் என்று துணிவதற்கு, தலைவருக்குக் கல்வியின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

அப்படி ஒரு நிலையத்தை வாசகரில் பலர் பார்த்திருப்பீர்கள். கீழே செல்போன் கடை, மேலே ஸ்டடி சென்டர். மாடிப்படியில் செருப்புகள். உள்ளே ஒரு நீளமான மேசை, கண்ணாடிக்கு அடியில் தலைவர் யாரோ அமைச்சருக்குச் சால்வை போர்த்தும் படம். வருகிற பையன் பாலிடெக்னிக்கில் பாதியில் நின்றவன். லேத்துப் பட்டறையில் வேலை. முதலாளி, 'டிகிரி இருந்தா சூப்பர்வைசர் போட்டுரலாம்டா' என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"அண்ணா, கிளாஸ் எப்போ இருக்கும்?"

"கிளாஸ்லாம் நீ ஃப்ரீயா இருக்கும்போது பாத்துக்கலாம் தம்பி. ரெண்டு போட்டோ, டென்த் மார்க் ஷீட் ஜெராக்ஸ். ஃபீஸ் மூணு தவணையா கட்டலாம்."

"இது கவர்மென்ட்ல செல்லுமாண்ணா?"

"யுனிவர்சிட்டியே கவர்மென்ட் யுனிவர்சிட்டி தம்பி. இதுக்கு மேல என்ன செல்லணும்?"

அந்தக் கடைசிப் பதிலில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகம் அரசுடையதுதான். சட்டசபை படைத்ததுதான். பையனின் அம்மா நகையை அடகு வைத்துக் கட்டிய பணத்துக்கு ரசீதும் உண்டு. நம் மக்கள் தனியார் என்றால் சந்தேகப்படுவார்கள், அரசு என்றால் நம்புவார்கள். தலைவர் நம்பிக்கையைத் தானாக உண்டாக்கவில்லை; ஏற்கெனவே இருந்த நம்பிக்கையை வாடகைக்கு எடுத்தார். வணிகத்தில் இதைவிடக் குறைந்த முதலீடு எனக்குத் தெரியவில்லை.

2013 ஜூன் 27 அன்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஓர் அறிவிப்பு விட்டது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே படிப்பு நடத்தக் கூடாது, தனியாருக்கு உரிமம் கொடுத்து நடத்தக் கூடாது. எட்டு வருஷத்துக்கு முன்பே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். இந்த இடத்தில் தலைவரின் உறுதி வெளிப்பட்டது. சின்ன மனிதர்கள் இப்படியொரு கடிதம் வந்தால் சேர்க்கையை நிறுத்தியிருப்பார்கள். 2013-14-இலும் சேர்க்கை நடந்தது. 2014-15-இலும் நடந்தது. 2015 ஜூனில் மானியக் குழு வெளிப்படையாகவே அறிவித்தது: மைசூரில் இருக்கும் இந்தத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2012-13 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம், அதற்குப் பின்னால் கிடையாது.

சேர்ந்தபோது செல்லும் என்று சொல்லப்பட்ட படிப்பு, படித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துவிட்டது என்று மாணவர்களுக்குத் தெரியவந்தது. கர்நாடகத்துக்குள்ளேயே நேர்வழியில் சேர்ந்து, பாடப்புத்தகத்தைத் தபாலில் வாங்கி, இரவு விளக்கில் படித்தவர்களும் அதே கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். கூட்டாளிகளின் வியாபாரத்துக்கு அவர்கள் வட்டி கட்டினார்கள். மைசூரில் போராட்டங்கள் நடந்தன, மனுக்கள் போயின, வழக்குகள் நடந்தன. தலைவரோ அந்த நாட்களில் ஒரு துறவியின் நிலையை எட்டிவிட்டார். பலகை இறங்கியது. போன் எடுக்கப்படவில்லை. கட்டிய பணம், போட்ட கையெழுத்து, கொடுத்த வாக்கு என எதன் மேலும் பற்றில்லை. கீதை சொல்லும் பற்றின்மையை இத்தனை சீக்கிரம் கைக்கொண்டவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பட்டம் என்பது கடைசியில் ஒரு தாள்தான். அந்தத் தாள் எங்கே சோதிக்கப்படுகிறது என்று அருகில் போய்ப் பாருங்கள். வேலை கிடைத்துவிட்டது, ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அலுவலகத்தில் 'உண்மைத்தன்மைச் சான்று' வாங்கிவரச் சொல்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர் கெட்டவரல்ல. மதிப்பெண் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஹாலோகிராம் இருக்கிறது, வரிசை எண் இருக்கிறது, தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது. முதல் வகுப்பு. பிறகு விரல் ஓர் இடத்தில் நிற்கிறது: சேர்ந்த ஆண்டு. கம்ப்யூட்டரில் ஏதோ தட்டுகிறார். "நீங்க ஒரு வருஷம் முன்னாடி சேர்ந்திருந்தா பிரச்சனையே இல்லம்மா" என்கிறார். எதிரில் நிற்கும் பெண்ணுக்கு அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவள் ஏமாற்றவில்லை. தேர்வு எழுதினாள், தேறினாள். தாள் போலியும் அல்ல. அசல் பல்கலைக்கழகம் அசல் மையில் கொடுத்தது. அதில் இருக்கும் ஒரே குறை, கையெழுத்துப் போட்டவருக்கு அந்த வருஷம் போட அங்கீகாரம் இல்லை. கையெழுத்துப் போட்டவரிடம் யாரும் உண்மைத்தன்மைச் சான்று கேட்கவில்லை.

இந்தக் கொடைத் திறத்தில் நம் தமிழ்நாடும் பின்தங்கியதல்ல. 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைதூர முறையில் கொடுத்த பொறியியல் பட்டங்களைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. ராஜஸ்தானில் இரண்டு, அலகாபாத்தில் ஒன்று, நான்காவது சேலத்தின் விநாயகா மிஷன்ஸ். 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால் பட்டம் நிலைக்கும், தேறாவிட்டால் போய்விடும். அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை, பட்டம் ரத்து. பதினைந்து வருஷம் வேலை பார்த்து, பதவி உயர்வு பெற்று, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த மனிதர்கள், திரும்பவும் பொறியியல் பாடப்புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தார்கள். பிள்ளையின் தேர்வும் அப்பாவின் தேர்வும் ஒரே வீட்டில். மாணவனை வாழ்நாள் முழுவதும் மாணவனாகவே வைத்திருப்பதுதான் கல்வியின் உச்சம் என்று எல்லா விழாக்களிலும் தலைவர்கள் பேசுகிறார்கள். பேசியதைச் செய்துகாட்டியவர்கள் இவர்கள்.

எனக்கு ஒரு விஷயத்தில் மட்டும் தலைவர்கள் மேல் மனத்தாங்கல் உண்டு. இவ்வளவு செய்தும் அவர்கள் தன்னடக்கத்தோடு ஒதுங்கிக்கொள்கிறார்கள். சேர்க்கை நடக்கும்போது படத்தில் நடுவில் நிற்பவர் அவர். பட்டமளிப்பு விழாவில் முன்வரிசையில் நடப்பவர் அவர். பிள்ளைகள் தெருவில் நிற்கும்போது மட்டும், 'அது யுஜிசி முடிவு', 'அது முந்தைய நிர்வாகம்', 'அது பார்ட்னர் செய்தது' என்று பெருமையைப் பிறருக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறார். தலைமை என்றால் முடிவெடுப்பது, அந்த முடிவுக்குப் பதில் சொல்வது. இந்த இரண்டில் தலைவர் முதல் பாதியை மட்டும் தன்னுடையதாக வைத்துக்கொண்டார். ஒரு பட்டத்தாளில் பல்கலைக்கழகம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: 'இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு.' நஞ்சுண்டையாவும் குவெம்புவும் குறைவாகக் கையெழுத்துப் போட்டார்கள், போட்ட ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக இருந்தார்கள். அதனால்தான் அவர்கள் காலத்துப் பட்டத்தை யாரும் திருப்பிப் பார்த்து ஆண்டைத் தேடுவதில்லை.

கர்நாடகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2018 ஆகஸ்டில், 2018-19 கல்வியாண்டு முதல் மறுபடியும் அங்கீகாரம் கிடைத்தது. இன்று அங்கே படிப்பவர்கள் தாராளமாகப் படிக்கட்டும். 1969-இல் திறந்த அந்த வாசல் நல்ல வாசல், அது மூடக் கூடாது. நடுவில் விட்டுப்போன வருஷங்களில் சேர்ந்தவர்களின் கணக்கைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டணங்கள் யார் யார் கணக்கில் போய்ச் சேர்ந்தனவோ அங்கிருந்து திரும்பி வர வேண்டும். ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவர்கள் ஓய்வூதியமும் பதவியும் பாராட்டு விழாவும் பெற்று வீட்டில் இருக்க, பணம் கட்டியவர்கள் மட்டும் அலைவது எந்த ஊர் நியாயம்?

இதைப் படிக்கும் பெற்றோருக்கும், வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பணம் கட்டுவதற்கு முன்னால் யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்பு இருக்கிறதா, நீங்கள் சேரும் ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பொறியியல், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி ஆகியவற்றைத் தொலைதூர முறையில் நடத்த அனுமதியே கிடையாது. மாடியில் உட்கார்ந்து உரிமம் வாங்கி நடத்தும் சென்டருக்கும் அனுமதி கிடையாது. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் மட்டும் கட்டுங்கள். சால்வைப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், அந்தப் பட்டியலைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட எடுத்து நீட்டாதீர்கள்.